புகார் சொல்ல மட்டும் வீட்டுக்குப் போன் பண்ணாதீங்க டீச்சர்

நம்ம ஊர்ப்பக்கம் ஸ்கூல்ல இருந்து போன் வந்தா வீட்டுல முதல்ல வர்ற வார்த்தை "அய்யய்யோ, இந்தப் பய என்ன பண்ணித் தொலைச்சானோ"தான். ஏன்னா நாம வேற எதுக்குமே கூப்பிட்டது இல்ல. அடிச்சுக்கிட்டான், லீவு போட்டுட்டான், மார்க் போச்சு, ஆதார் ஜெராக்ஸ் கொண்டு வரல, இந்த நாலுக்கு மட்டும்தான் போன் போகுது, அப்புறம் பேரன்ட்ஸ் மீட்டிங் வச்சா ஒருத்தரும் வர மாட்டேங்குறாய்ங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து நாமளே பொலம்புறோம். நான் மதுரைக்கு மேற்க ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில பாடம் எடுக்குறவ. இத எழுதுறது என்னை மாதிரி டீச்சருங்களுக்கு, கடைசில கொஞ்சம் பெத்தவங்களுக்கும். தியரி எல்லாம் கிடையாது, எங்க பக்கம் எது நடக்குது எது நடக்க மாட்டேங்குதுங்கிறதுதான்.

ஜூன்லயே ஒரு நோட்டு போடுங்க

ஸ்கூல் தொறந்ததும் ஒரு நோட்டு வாங்கி பிள்ளைக்கு ஒரு பக்கம்னு ஒதுக்குங்க. எமிஸ்ல (பிள்ளைக விவரம் ஏத்துற கல்வித்துறை வெப்சைட்டு) எல்லாம் ஏத்தியாச்சேன்னு கேப்பீங்க. எமிஸ்ல இருக்குற நம்பர் பல பேருக்கு அட்மிஷன் அன்னைக்குக் கூட வந்த மாமாவோட நம்பரா இருக்கும், இல்லாட்டி ரீசார்ஜ் பண்ணாம செத்துப்போன சிம்மா இருக்கும். நோட்டுல எழுத வேண்டியது வேற சங்கதி. காலையில பிள்ளைய எழுப்பிக் கிளப்பி விடுறது அம்மாவா அப்பத்தாவா இல்ல எட்டாவது படிக்கிற அக்காவா, போன் பகல்ல யார் கையில இருக்கும், எத்தனை மணிக்கு அடிச்சா எடுப்பாங்க, வீட்டுல எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு, வீட்டுல பேசுறது என்ன பாஷை. அந்தக் கடைசிக் கேள்விய சாதாரணமா நினைக்காதீங்க, மதுரை டவுனுக்குள்ள சௌராஷ்டிரா பேசுற வீடு எத்தனையோ இருக்கு, கிராமத்துப் பக்கம் தெலுங்கு பேசுறவங்களும் கன்னடம் பேசுறவங்களும் இருக்காங்க, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை வாயத் தொறக்கலன்னா மக்குன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி அதுக்கு நம்ம பேசுற தமிழு பழகிருக்கான்னு பாக்கணும்.

இதுக்கு ஃபாரம் குடுத்து நிரப்பி வாங்கிட்டு வரச் சொல்லாதீங்க, எழுதத் தெரியாத வீட்டுல அது ஒரு அவமானம். முதல் வாரத்துல பிள்ளைகளையே "எங்க வீட்டுல ஒரு நாள்"னு படம் வரையச் சொல்லுங்க, யாரு முதல்ல எந்திரிக்கிறா, யாரு எங்க போறா, யாரு எப்ப வர்றான்னு அதுகளே கதை கதையா சொல்லும், நீங்க பக்கத்துல உக்காந்து காதைக் குடுத்தாப் போதும்.

அந்த நோட்டு இருந்தா மீட்டிங் நேரமும் தன்னால தெரிஞ்சிரும். பூந்தோட்டத்துக்குப் போறவங்க விடியுறதுக்கு முன்னாடியே போயிருவாங்க, மல்லிய மொட்டா இருக்கும்போதே பறிச்சு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஏத்தியாகணும், அவங்களக் காலையில 9 மணிக்கு வாங்கன்னா எப்படி வருவாங்க? 11 மணிக்கு மேல கூப்பிட்டுப் பாருங்க, வருவாங்க. நூறு நாள் வேலைக்குப் போறவங்கன்னா சாயங்காலம். கொத்தனார் சித்தாளுக்கு சனிக்கிழமை சம்பள நாள், அன்னைக்கு மட்டும் வைக்கவே கூடாது. அரை நாள் கூலிய விட்டுட்டு வர்றவங்ககிட்ட பத்து நிமிசம் பேசி அனுப்புறோம்ங்கிற நினைப்பு நமக்கு இருக்கணும்.

முதல் போன் நல்ல செய்தியா இருக்கட்டும்

ஜூலை முடியுறதுக்குள்ள வகுப்புல இருக்குற அத்தனை வீட்டுக்கும் ஒரு போன், அதுவும் நல்லது சொல்ல மட்டும். மத்தியானம் சாப்பிட்டதுக்கு அப்புறம் தினம் ரெண்டு பேருன்னு வச்சுக்கிட்டாலே முடிஞ்சிரும். எடுத்த எடுப்புல பயத்தப் போக்கிருங்க:

"வணக்கம்மா, கிளாஸ் டீச்சர் பேசுறேன், பயப்படாதீங்க, ஒரு குறையும் இல்ல. இன்னைக்கு உங்க பிள்ளை பின்னக் கணக்க போர்டுல போட்டுக் காமிச்சு, பக்கத்துல இருந்த பயலுக்கும் சொல்லிக் குடுத்துச்சு. அதச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

அம்புட்டுத்தான், வச்சிருங்க. இதுக்கு அப்புறம் "ஆனா"ன்னு ஒண்ணு ஆரம்பிப்போம் பாருங்க, "ஆனா கையெழுத்துதான் கொஞ்சம்..."னு, அந்த ஆனாவ முழுங்கிருங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது, அப்புறம் "நெசமாவா டீச்சர்?"னு ஒரு குரல் வரும். சாயங்காலம் அந்த வீட்டுல அக்கம்பக்கத்துக்கெல்லாம் அந்தச் சேதி போயிரும், மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்புல உக்காருற தோரணையே வேற.

நல்ல பிள்ளை, சமத்துப் பிள்ளைன்னு பொதுவா சொல்லாதீங்க, சும்மா வாய்க்கு வந்தத சொல்றாங்கன்னு அவங்களுக்கே தெரியும். என்ன செஞ்சான், எப்ப செஞ்சான்னு சொல்லணும். சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாத பயலும் இருப்பானேன்னா, அவன ஒரு வாரம் உத்துப் பாருங்க, தங்கச்சிய கைபுடிச்சு கூட்டிட்டு வருவான், செடிக்கு தண்ணி ஊத்துவான், கபடியில தோத்தவன முதுகுல தட்டிக் குடுப்பான். பாக்காதது நம்ம தப்பு.

இந்த ஒரு போன் போயிருந்தா, பின்னாடி அக்டோபர்ல "இவன் மூணு நாளா வரல, என்னாச்சு"ன்னு கேக்கும்போது உண்மையான காரணம் வரும். இல்லைன்னா "காய்ச்சல் டீச்சர்"னு ஒரே வார்த்தையில முடிஞ்சிரும்.

வாட்ஸ்அப் குரூப்பு

குரூப் வேணும்தான், ஆனா அது நோட்டீஸ் போர்டு மட்டும். அட்மின் மட்டும் போடுற மாதிரி செட்டிங்க மாத்திருங்க, இல்லைன்னா குட்மார்னிங் பூவும் கட்சி வீடியோவும்தான் ஓடும். நீளமா டைப் பண்றதுக்கு, பிடிஎஃப் அனுப்புறதுக்கு பதிலா ஒரு நிமிச வாய்ஸ் போடுங்க, படிக்கத் தெரியாத அப்பத்தாவும் கேப்பாங்க. மார்க், ஃபைன், யாரு வரல, யாரு ஷூ போடல, இதெல்லாம் குரூப்ல வரவே கூடாது, ஒரு பிள்ளை பேரு அதுல வந்துச்சுன்னா தெருவே பாத்த மாதிரி. அம்மாமாரோட நம்பர் முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் போகுதேன்னு நெறைய வீட்டுல சங்கடம் இருக்கு, அவங்க வெளிய சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு பிராட்காஸ்ட் வச்சுக்கலாம், ஆனா உங்க நம்பர அவங்க சேவ் பண்ணிருந்தாத்தான் மெசேஜ் போய்ச் சேரும், அத முதல்லயே சொல்லிருங்க. ராத்திரி 8 மணிக்கு மேல எதுவும் போடாதீங்க, உங்களுக்கும் குடும்பம் இருக்கு.

ஸ்மார்ட்போனே இல்லாத வீடு நாலு இருக்கும், அந்த நாலு வீட்டுக்கும் யாரு போய்ச் சொல்லுவாங்கன்னு நோட்டுல எழுதிருக்கணும். போன் இல்லாம வீட்டுச் சங்கதி தெரிஞ்சுக்க இன்னொரு வழியும் இருக்கு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரை சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க, அதுல சமைக்கிற அக்காமார் மகளிர் சுய உதவிக் குழுல இருந்து வர்றவங்க, பல இடத்துல அவங்க பிள்ளையும் அங்கதான் படிக்கும். எந்தப் பிள்ளை ராத்திரி தூங்காம வந்திருக்கு, எது ரெண்டு நாளா சோத்தத் தள்ளிட்டு உக்காந்திருக்குன்னு நமக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும். காலையில அஞ்சு நிமிசம் அவங்ககிட்ட நின்னு பேசுங்க, எந்த ஆப்பும் அதுக்கு ஈடு இல்ல.

மீட்டிங்ல என்ன செய்யணும்

நாம நாற்காலில, அவங்க கையக் கட்டிக்கிட்டு எதிர்ல, போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட வந்தவங்க மாதிரி. இத முதல்ல மாத்துங்க. மேசைய ஓரமாத் தள்ளிட்டு ஒரே மாதிரி பெஞ்சுல உக்காருங்க, இல்ல எல்லாரும் பாய்ல. ஒவ்வொரு குடும்பத்தோடயும் தனியாப் பேசணும், மத்தவங்க வராண்டாவுல இருக்கட்டும், அங்க பிள்ளைக வரைஞ்சது எழுதுனது எல்லாத்தையும் கயித்துல தொங்க விட்டுருங்க, நேரம் போறதே தெரியாது.

முக்கியமா பிள்ளை கூட இருக்கணும். பிள்ளைய வெளிய நிறுத்திட்டு நாமளும் அம்மாவும் பேசுனா, உள்ள என்னத்த பத்த வச்சாங்களோன்னு அது நடுங்கிக்கிட்டு நிக்கும். பிள்ளையே பேசட்டும். மூணே மூணு: நான் நல்லா செஞ்ச ஒரு பக்கம் இது, எனக்குப் புரியாத பக்கம் இது, எனக்கு வீட்டுல இந்த ஒரு உதவி வேணும். முதல் நாளே வகுப்புல ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு, ஒருத்தன் அம்மாவா ஒருத்தன் பிள்ளையா நடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, சிரிப்பா சிரிக்கும், ஆனா மறுநாள் வாய் தொறக்கும். மூணாவதுல வர்ற பதில்தான் நமக்கு வேணும். "சீரியல் ஓடும்போது சத்தத்தக் கொறைங்க"ன்னு ஒண்ணு சொல்லும், "என்னை எங்க அண்ணனோட சேத்துப் பேசாதீங்க"ன்னு ஒண்ணு சொல்லும். அத நாம சொல்லிருந்தா சண்டை வந்திருக்கும், பிள்ளை சொன்னா அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு சரிம்பாரு.

பிள்ளை முடிச்சதும் அம்மாகிட்ட கேளுங்க, "வீட்டுல எப்படி இருக்கு, நீங்க என்ன பாக்குறீங்க"ன்னு. அப்புறம்தான் நம்ம பேச்சு. கடைசில ஒரே ஒரு வேலை மட்டும் பேசி முடிவு பண்ணுங்க, அஞ்சு சொன்னா ஒண்ணும் நடக்காது.

இந்த மீட்டிங் ஒண்ணும் நம்ம தயவு இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 24ஆம் பிரிவு, பெத்தவங்கள அடிக்கடி கூப்பிட்டு வருகை, படிப்பு, முன்னேற்றம் எல்லாத்தையும் சொல்லணும்னு ஆசிரியரோட கடமையாவே எழுதிருக்கு.

இன்னொண்ணு கட்டாயம் வரும். "டீச்சர், கண்ண மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்"னு ஒரு அப்பா சொல்லுவாரு, பிள்ளை பக்கத்துல நிக்கும். சிரிச்சு மழுப்பாதீங்க, அந்தச் சிரிப்ப பிள்ளை சம்மதம்னு எடுத்துக்கிடும். அவரு அடிக்கச் சொல்றது வெறுப்புல இல்ல, எனக்கு வேற வழி தெரியல, உங்கள நம்பி விட்டுருக்கேன்ங்கிறத அப்படித்தான் சொல்லத் தெரியும் அவருக்கு. "அண்ணே, அடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல 17ஆம் பிரிவே இருக்கு, இல்லைன்னாலும் நான் அடிக்க மாட்டேன், அடி வாங்குன பிள்ளை என்கிட்ட சந்தேகம் கேக்காது, நீங்க தினம் ராத்திரி பத்து நிமிசம் பக்கத்துல உக்காருங்க அது போதும்"னு பிள்ளை காதுபடவே சொல்லுங்க.

படிக்காதவங்க வீட்டுல என்ன செய்ய முடியும்

"நாங்க கைநாட்டு, நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்க"ன்னு சொல்றவங்ககிட்ட பாடம் சொல்லிக் குடுக்கச் சொல்லி யாரும் கேக்கல. அவங்க பூக்கட்டிக்கிட்டே இருக்கட்டும், பிள்ளை பக்கத்துல உக்காந்து ஒரு பக்கம் சத்தமாப் படிக்கட்டும், அது தடுமாறுற இடத்துல "திரும்பப் படி தங்கம்"னு சொல்ல எழுத்து தெரிய வேண்டியதில்ல. முடிச்சதும் "என்னா கதை, எனக்குச் சொல்லு"ன்னு கேக்கணும், அதுல தெரிஞ்சிரும் புரிஞ்சு படிச்சானா சும்மா ஓட்டுனானான்னு. கணக்குக்கு அந்த வீட்டுக்குள்ளயே எல்லாம் கிடக்கு. இன்னைக்கு பூ கிலோ என்ன விலை, நாம பறிச்சது எவ்வளவு, கமிஷன் போக கையில என்ன வந்துச்சு, பறிகூலி எவ்வளவு போச்சு, இத பிள்ளையப் போடச் சொன்னா சதவீதம் தன்னால வரும். அப்பளக் கம்பெனிக்குப் போற அம்மா எண்ணிக் கட்டுறதுல பெருக்கல் வாய்ப்பாடு முழுசும் இருக்கு.

அப்பத்தா, சீயானுக்கும் (தாத்தாவத்தான் இங்க அப்படிச் சொல்லுவோம்) வேலை குடுங்க. விடுகதை, ஊர்ப் பேரு எப்படி வந்துச்சு, அந்தக் காலத்துல கம்மாய் எப்படி நெறஞ்சுச்சுன்னு பிள்ளைக கேட்டு எழுதிட்டு வரட்டும், நல்லா பேசுற ஒரு ஆத்தாவ வகுப்புக்கே கூட்டியாந்து கதை சொல்லச் சொல்லுங்க. அன்னைல இருந்து அந்த ஆத்தாவுக்கு இது நம்ம பள்ளிக்கூடம், யாராச்சும் பிள்ளை வகுப்பு நேரத்துல தெருவுல சுத்துனா அதுவே வெரட்டி அனுப்பிரும்.

வீட்டுக்குப் போறது

எல்லா வீட்டுக்கும் போறதா இருந்தா போங்க, இல்லைன்னா போகாதீங்க. சில வீட்டுக்கு மட்டும் போனா, எந்தத் தெருவுக்குப் போனாங்க எந்தத் தெருவுக்குப் போகலங்கிற கணக்கு ஊருக்கே தெரியும். குடிக்க என்ன குடுத்தாலும் வாங்கிக் குடிங்க. "இப்பத்தான் குடிச்சேன்"னு ஒரு வீட்டுல சொல்லிட்டு அடுத்த வீட்டுல காப்பி வாங்கிக் குடிச்சீங்கன்னா, நீங்க என்ன மனசுல வச்சு செஞ்சீங்களோ தெரியாது, பிள்ளை அத சாதியாத்தான் எடுத்துக்கிடும், எடுத்துக்கிடுறதுல நியாயமும் இருக்கு. முதல் நாளே சொல்லிட்டுப் போங்க, பள்ளி மேலாண்மைக் குழுல இருக்குற ஒரு அம்மாவக் கூடக் கூட்டிக்கோங்க, போட்டோ எடுக்காதீங்க, வாசல்ல நின்னு மார்க்கப் பேசாதீங்க.

வெளியூர்ல வேலை பாக்குற பெத்தவங்க எங்க பக்கம் அதிகம், உசிலம்பட்டி ஏரியாவுல முறுக்கு மிட்டாய் வியாபாரத்துக்கு வடக்க, கேரளான்னு போயிருவாங்க, பிள்ளைக பாட்டி வீட்டுல. "அப்பா அம்மா வரல"ன்னு ரிஜிஸ்டர்ல எழுதி என்ன பிரயோஜனம். அவங்க ஊருக்கு வர்ற நாள் நமக்குத் தெரியும்: பொங்கல், மாசி சிவராத்திரிக்கு குலசாமி கும்பிட, அப்புறம் ஊர்த் திருவிழா. சிவராத்திரிக்கு மறுநாள் இல்ல அதுக்கு அடுத்த நாள் ஒரு மீட்டிங் வச்சுப் பாருங்க, வருசம் பூரா பாக்காத முகமெல்லாம் வரும். மத்த நேரத்துல வீடியோ கால், பாட்டியும் பிள்ளையும் இந்தப் பக்கம் உக்காந்திருக்க.

மேலாண்மைக் குழுவ கையெழுத்துக்கு மட்டும் வச்சுக்கிடாதீங்க

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பொம்பளைங்க. தமிழ்நாட்டுல 2022லயும் 2024லயும் புதுசா குழு அமைச்சாங்க, தலைவர் பொறுப்பு ஒரு அம்மாவுக்கு. பேப்பர்ல அம்மா பேரு, பேசுறது வீட்டுக்காரருங்கிற கூத்தும் நடக்கும். அந்த அம்மாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போன் பண்ணி என்ன பேசப் போறோம்னு சொல்லிருங்க, முதல் பேச்சு அவங்களோடதா இருக்கட்டும், வீட்டுக்காரருக்கு வராண்டாவுல டீ குடுத்து உக்கார வைங்க. கழிப்பறை, காம்பவுண்டு மட்டும் பேசாம ஒரு அஞ்சு நிமிசம் படிப்பப் பேசணும், எத்தனை பிள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரலன்னு பேரு சொல்லாம எண்ணிக்கைய மட்டும் வைங்க. ஸ்கூல்ல முடியாதது இருந்தா கிராம சபை இருக்கு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி நாள்கள்ல கூடும், அங்க டீச்சர் பேசுறத விட பத்து அம்மா சேந்து கேட்டா தீர்மானம் ஏறும்.

எட்டாவது முடிக்கிற பொம்பளப் பிள்ளைக வீட்டோட மார்ச்சுக்கு முன்னாடியே பேசிருங்க. ஹைஸ்கூல் தூரம், பஸ்ஸு நேரம், கூடப் போற பிள்ளை யாருன்னு உக்காந்து பேசுனா, படிப்ப நிப்பாட்டுறது பாதிக்குப் பாதி நடக்காது. 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பிள்ளை காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், 2022ல இருந்து இருக்கு, பயலுகளுக்கு 2024ல தமிழ்ப்புதல்வன் வந்துச்சு. இது பல வீட்டுக்கு பிள்ளை பத்தாவது போற வரைக்கும் தெரியறதே இல்ல. கல்யாணப் பேச்சு காதுல விழுந்துச்சுன்னா மட்டும் தனியா சமாளிக்கப் பாக்காதீங்க, 1098க்கு அடிங்க.

பெத்தவங்களுக்கு

டீச்சரப் பாக்க பரீட்சை முடிஞ்சு மார்க் வந்தப்புறம் போகாதீங்க, ஆடி மாசமே ஒரு தடவை போயிருங்க. வகுப்பு நடக்கும்போது வாசல்ல நிக்காம, எந்த நேரம் வரலாம்னு பிள்ளைகிட்ட சொல்லி விட்டுக் கேட்டுக்கோங்க. "எப்படிப் படிக்கிறான்?"னு கேட்டா "பரவாயில்ல"ன்னுதான் பதில் வரும். "எந்த எடத்துல திணறுறான், யார் கூட உக்காருறான், கேள்வி கேக்குறானா, நான் வீட்டுல என்ன செய்யணும்"னு கேளுங்க. வீட்டுல சாவு, சண்டை, கடன், அப்பா வேலை போச்சு, எதுவா இருந்தாலும் முழுசா சொல்ல வேணாம், "இந்த வாரம் வீட்டுல சரியில்ல டீச்சர், கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு ஒரு வார்த்தை போதும், அன்னைக்கு ஹோம்வொர்க் செய்யலன்னு வைய மாட்டோம். டீச்சர் மேல குறை இருந்தா தெருவுல பேசாம முதல்ல டீச்சர்கிட்டயே, அப்புறம் எச்.எம்.கிட்ட, அங்கயும் ஆகலன்னா 14417னு கல்வி உதவி எண் இருக்கு.

புதுநத்தம் ரோட்டுல 2023 ஜூலைல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, குழந்தைகளுக்கு தனிப் பகுதி இருக்கு, நீங்களும் கூட உள்ள போங்க, வெளிய பைக்ல உக்காந்திருக்காதீங்க.

டீச்சருங்களுக்கு இன்னொண்ணு பாக்கி. ஏப்ரல் கடைசில அந்த நோட்ட அடுத்த வகுப்பு எடுக்குறவங்ககிட்ட குடுத்துருங்க, வேலை செய்யிற நம்பர், பேச தோதான நேரம், பிள்ளை எதுல கெட்டி, எதுல இழுவை, இதெல்லாம் அவங்க ஜூன்ல திரும்ப முதல்ல இருந்து தேடக் கூடாது. வீட்டுல உங்கள நம்பிச் சொன்ன சங்கதிக இருக்குற தாளு மட்டும் கூடப் போக வேணாம், அதக் கிழிச்சுட்டுக் குடுங்க.